ஆதிப் பாறைகளின் வயது: கேள்வி பதில்

கிரேட்டான் என்றால் என்ன?

கண்டத்தின் பழைய, உறுதியான நிலப்பகுதி. அதன் வேர் 200 கி.மீ. ஆழம் வரைகூட இறங்கும். அந்த வேர் குளிர்ந்து இறுகியது, எடையும் குறைவு. அதனால்தான் அடியில் உள்ள சூடான பாறை அடுக்கான மேன்டிலால் அதை எளிதில் கரைத்துவிட முடிவதில்லை. ஆதிப் பாறைகள் இங்கே மிஞ்சியிருப்பதும் அதனால்தான்.

கார்பன் டேட்டிங்கில் வயது சொல்லலாமா?

முடியாது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் எப்படி அளக்கிறார்கள்?

சிர்க்கானை வைத்து. மணல் அளவே உள்ள படிகம். வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் அநேகமாக யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238க்கு அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டுகள், 235க்கு 70.4 கோடி. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். ஆனால் படிகத்தை அறுத்துப் பார்த்தால் நடுவே பழைய கரு, சுற்றிலும் பின்னால் வளர்ந்த விளிம்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். கருவில் ஒரு வயது, விளிம்பில் வேறு வயது. யாராவது வயது சொன்னால், எதன் வயது என்று முதலில் கேளுங்கள்.

ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டு இருக்கும்போது, கனடாவின் அகாஸ்டா நைஸ் என்ற உருமாறிய பாறையை (403 கோடி) ஏன் மூத்த பாறை என்கிறார்கள்?

மறுபடியும், எதன் வயது? ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி என்பது சிர்க்கானுக்கு. அதைத் தாங்கும் படிவுப்பாறை அதைவிட மிக இளையது. சிர்க்கான் பிறந்த தாய்ப்பாறை அழிந்துவிட்டது. அகாஸ்டாவில் 403 கோடி என்பது பாறைக்கே.

நுவ்வுவாகிட்டுக்கை விட்டுவிட்டீர்களே! 2008லேயே 428 கோடி என்றார்களே?

நல்ல சண்டை இது. கியூபெக்கில், ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள கரும்பாறைகள் அவை. அவற்றில் அந்த வயதைத் தரும் சிர்க்கான் இல்லாததால் சமாரியம் சிதைந்து நியோடிமியமாவதை வைத்துக் கணக்கிடும் சமாரியம்-நியோடிமியம் முறையில் அளந்தார்கள். அந்த எண் பாறை பிறந்த காலம் அல்ல, பாறைக்குள் தங்கிவிட்ட பழைய மேன்டிலின் தடயம் என்று எதிர்தரப்பு வாதிட்டது. நியாயமான சந்தேகம்தான்.

அப்படியானால் தோற்றுப்போனதா?

இல்லை. 2025இல், அந்தக் கரும்பாறைகளை ஊடுருவிய பாறைகளை அளந்தார்கள். சமாரியம்-146, சமாரியம்-147 இரண்டு கடிகாரங்களும் சுமார் 416 கோடி என்று ஒத்துப்போயின. ஊடுருவியது 416 என்றால், ஊடுருவப்பட்டது அதைவிட மூத்ததாகத்தான் இருக்க வேண்டும். என் கணக்கில் இதுதான் வலுவான வாதம், 428 என்ற எண் அல்ல.

என் கல்லைக் கார்பன் டேட்டிங்...

இரண்டாம் பதிலைப் படியுங்கள்.