பக்கத்து போர்வெல் என் கிணற்றை வற்ற வைக்கிறது: தடுக்க வழி உண்டா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. மாமனார் காலத்தில் வெட்டிய 70 அடிக் கிணறு. இரண்டு வருடம் முன்பு பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவர் 900 அடிக்கு போர் போட்டு, தினமும் இருபது லாரி தண்ணீர் விற்கிறார். ஓட்டுவது விவசாய இலவச மின்சாரத்தில். எங்கள் கிணற்றில் இப்போது அடியில்தான் தண்ணீர் கிடக்கிறது. லாரி வராத ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு படி ஏறுகிறது. கேட்டால், "என் நிலம், என் போர்" என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஒரு படி ஏறுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவர் சொல்வதைப் பார்ப்போம். அது முழுப் பொய் இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி, நிலத்துக்கடியில் தனி வாய்க்காலாக ஓடாமல் பரவிக் கிடக்கும் தண்ணீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துச் சட்டம் அது. 900 அடியிலிருந்து இரவு பகலாக இழுக்கும் மோட்டாரை எழுதியவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ்நாடு 2003இல் தனியாக ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அது ரத்தானது. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமைதான்.

அதனால் அவர் தன் தென்னைக்கே பாய்ச்சிக்கொண்டிருந்தால், சிவில் வழக்கில் உங்களுக்குப் பலமில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் விற்கிறார். அங்கேதான் நிலைமை மாறுகிறது. 2014ஆம் ஆண்டு அரசாணை 142இன்படி, வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்த அரசாணை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. லாரிக்கு 12,000 லிட்டர் என்று வைத்தாலும் இருபது லாரிக்கு 2,40,000 லிட்டர். இதை வீட்டுத் தேவை, தோட்டத் தேவை என்று யாரும் சொல்ல முடியாது.

மின்சாரம் இன்னொரு பிடி. அனுமதித்த உபயோகத்தை விட்டு வேறு வேலைக்கு மின்சாரம் எடுத்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவில் அந்த வேலைக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிக்கலாம். என் அனுபவத்தில் வேகமாக வேலை செய்வது இந்தப் புகார்தான்.

சரி, இப்போது அந்த ஒரு படி. மோட்டார் ஓடும்போது போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழிந்து இறங்கும். இறைப்பு நீள நீளக் குழி அகலமாகும். அதற்குள் அகப்பட்ட கிணறு வற்றும். நிறுத்தினால் மெல்ல மேலேறும். நம் பக்கம் பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகத்தான் நகரும், அதனால் ஐம்பது அடி தள்ளியிருக்கும் கிணறு தப்பித்து, முந்நூறு அடி தள்ளியிருப்பது வற்றுவதும் உண்டு. இன்னொன்று: போரில் மேல்மண் வரைக்கும்தான் கேசிங் பைப் (துளைக்குள் மண் சரியாமல் தாங்கும் குழாய்) இறக்குவார்கள். அதற்குக் கீழே குழி திறந்தே இருப்பதால், உங்கள் கிணற்றுக்கு வர வேண்டிய மேல் ஊற்று அந்தத் துளை வழியே அடிக்கு இறங்கிவிடலாம். "நான் 900 அடியில் எடுக்கிறேன், உங்கள் 70 அடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று எதிர்த்தரப்பு கேட்டால், பதில் இதுதான்.

ஆனால் மழை இல்லை, அதனால் வற்றியது என்றும் சொல்வார்கள். மழையில்லாத வாரத்திலும் ஞாயிறு ஏறி திங்கள் இறங்கினால் அந்த வாதம் நிற்காது. அதற்குக் கணக்கு வேண்டும். கயிற்றில் கல் கட்டி, கிணற்று மேட்டில் ஒரே இடத்திலிருந்து விட்டு, நனைந்த இடம் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு, உங்கள் மோட்டாரைப் போடுவதற்கு முன்பு. பக்கத்திலேயே அன்று வந்த லாரி எண்ணிக்கை, மழை பெய்ததா என்ற குறிப்பு. உள்படியில் ஈரம் நிற்கும் கோட்டை தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். லாரி நிரப்புவதை ரோட்டில் நின்று எடுங்கள், அவர் தோட்டத்துக்குள் போகாதீர்கள். கோபத்தில் லாரியை மறிக்கவோ குழாயை வெட்டவோ கூடாது. குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்க வேண்டி வரும்.

நான்கு வாரக் கணக்கு சேர்ந்ததும் மாவட்ட ஆட்சியர், நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு, மின்வாரியச் செயற்பொறியாளர் மூவருக்கும் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் புகார் அனுப்புங்கள். அவர் தடையில்லாச் சான்று வாங்கியிருக்கிறாரா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேளுங்கள். ஒரு மாதம் கடந்தும் அசைவில்லை என்றால், புகார் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அவருக்கு எதிரான சிவில் வழக்கு அதற்கும் அப்புறம்தான். அப்போது நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் ஆணையரை வைத்து இரண்டு இடத்தையும் பார்வையிடக் கேட்கலாம்.

வருகிற சனி மாலையே கயிற்றைத் தயார் செய்து வைத்துவிடுங்கள், முதல் அளவு ஞாயிறு காலையில் விழட்டும்.