ஈயச் சுரங்கத்து வெள்ளியில் ஈயம் இருக்குமா?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர், பழம்பொருள் சந்தையில் முதலாம் ஜார்ஜ் மன்னர் காலத்து ஷில்லிங் ஒன்றை 160 பவுண்டு கொடுத்து வாங்கியிருக்கிறார். ஆண்டு 1721. பின்பக்கத்தில் நான்கு கேடயங்களுக்கு இடையே ரோஜாப்பூவும் இறகுக் கொத்தும் மாறிமாறிப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அதில் வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்துப் போடலாம் என்று நகைக்கடைக்குக் கொண்டுபோனபோது, "இது ஈயச் சுரங்கத்து வெள்ளி, ஈயம் கலந்திருக்கும், குழந்தைக்கு ஆகாது, உருக்கும் விலைக்கு என்னிடமே கொடுத்துவிடுங்கள்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நாணய வியாபாரி ஒருவரோ, "சுரங்க வெள்ளி மற்ற வெள்ளியைவிடச் சுத்தமானது, 90 பவுண்டு கொடுத்தால் எந்தச் சுரங்கம் என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன், மூன்று மடங்கு விலைக்குப் போகும்" என்றாராம். இருவரில் யாரை நம்புவது, நாணயத்தை என்ன செய்வது என்று வாசகி கேட்கிறார்.

இருவரையும் நம்ப வேண்டாம். உருக்கவும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

முதலில் ஈயத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பேச்சில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றியது. அது உடம்புக்குக் கெடுதல் என்பதில் நகைக்கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் ஈயத்தாதிலிருந்து வெள்ளி வந்தது என்பதற்காக வெள்ளியில் ஈயம் நிறைந்திருக்கும் என்று சொல்வது, பாலிலிருந்து வந்தது என்பதற்காக நெய்யில் தண்ணீர் இருக்கும் என்று சொல்வதைப் போன்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தோண்டிய வெள்ளியில் பெரும்பகுதி, ஈயத்தாதுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த வெள்ளியே. அதைப் பிரித்தெடுத்த முறை, ஈயத்தை முழுவதுமாக விரட்டிவிட்டு மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளும் முறை.

நம் ஊர்க் கொல்லர்களும் சித்த மருத்துவர்களும் புடம் போடுவது என்று சொல்வார்களே, அதற்கு நெருங்கிய வேலைதான். எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, அதை நீள்வட்டமான இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, நடுவில் குழித்து, உலைக்குள் வைப்பார்கள். அதில் உருகிய ஈயத்தை ஊற்றி, மேற்பரப்பின் மீது துருத்தியால் காற்றடிப்பார்கள். காற்றுப் பட்ட ஈயம் மஞ்சள் நிறமான மிருதாரசிங்கியாக, அதாவது ஈய ஆக்சைடாக, மாறி மிதக்கும். துருத்திக் காற்றே அதை விளிம்புக்குத் தள்ளி வழியவிடும். கொஞ்சத்தை எலும்புச் சாம்பல் குடித்துவிடும். குறையக் குறைய மேலும் ஈயத்தை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காற்றில் மாறாத வெள்ளி மட்டும் அடியில் சேர்ந்துகொண்டே வரும். கடைசி ஈயப் படலம் விலகும் நொடியில், மங்கிக் கிடந்த பரப்பு சட்டென்று கண்ணாடிபோல் மின்னும். அந்த மின்னலைக் கண்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். வழிந்த மிருதாரசிங்கியை மறுபடி உருக்கி ஈயமாக்கி விற்றார்கள். கண்ணாடி செய்பவர்களும் மண்பாண்டத்துக்கு மெருகிடுபவர்களும் அதை அப்படியேயும் வாங்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் வெள்ளியில் ஈயம் சிறிதும் இராது என்று சொல்ல முடியாது. பழைய வெள்ளிகளில் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவான சுவடு இருக்கும். அந்தச் சுவடு மெக்சிகோவிலிருந்தும் பெருவிலிருந்தும் வந்த வெள்ளியில் செய்த பழைய நாணயங்களிலும் உண்டு என்பதால், ரோஜாவும் இறகும் பொறித்ததை மட்டும் தள்ளிவைக்கக் காரணம் இல்லை.

எவ்வளவு ஈயத்தை விரட்டினால் உங்கள் கையில் இருக்கும் ஒரு ஷில்லிங் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் ஈயத்தில் சுமார் 8 டிராய் அவுன்ஸ், அதாவது 250 கிராம் அளவுக்காவது வெள்ளி இருந்தால்தான் இந்த வேலைக்குச் செலவழித்த பணம் திரும்பும் என்று அந்தக் காலத்தில் கணக்கு வைத்திருந்தார்கள்; 1833இல் ஹியூ லீ பேட்டின்சன் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே அதைவிட ஏழையான ஈயமும் பயன்பட்டது. ஷில்லிங்கின் எடை சுமார் 6.02 கிராம், அதில் சுத்த வெள்ளி 5.57 கிராம். அந்தக் கணக்கின்படி உங்கள் பேத்தியின் கழுத்துக்குப் போகவிருக்கும் அந்த ஒரு வில்லைக்காக ஏறத்தாழ 22 கிலோ ஈயத்தை உலையில் ஊற்றிக் காற்றடித்திருக்க வேண்டும்.

இனி இரண்டாவது ஆசாமியின் கதை. ரோஜாவும் இறகும் சேர்ந்த சின்னம், 1692இல் அரச சாசனம் பெற்ற ஒரு கம்பெனி நாணயச்சாலைக்குக் கொடுத்த வெள்ளியைக் குறிக்கிறது. நிலக்கரியைக் கொண்டு ஈயத்தை உருக்கும் கம்பெனி என்பது சாசனத்தில் உள்ள நீண்ட பெயரின் சாரம். லண்டன் ஈயக் கம்பெனி என்றும், பங்குதாரர்களில் பலர் குவேக்கர் சமயத்தார் என்பதால் குவேக்கர் கம்பெனி என்றும் அது வழங்கப்பட்டது. வேல்சின் பிளின்ட்ஷயரில் காட்லிஸ் என்ற இடத்தில் அதற்கு உருக்காலை இருந்தது. நீங்கள் இருக்கும் பக்கத்தில் ஆல்ஸ்டன் மூர் மலைப்பகுதியிலும் சுரங்கங்கள் இருந்தன. இறகு மட்டும் இருந்தால் வேல்ஸ் சுரங்கம், ரோஜா மட்டும் இருந்தால் மேற்கு இங்கிலாந்துச் சுரங்கம், இரண்டும் இருந்தால் இந்தக் கம்பெனி என்பது நாணயம் சேர்ப்பவர்கள் வைத்திருக்கும் பொதுவான வாய்பாடு. ஆகவே உங்கள் நாணயத்தின் சின்னம் ஒரு கம்பெனியைச் சொல்கிறதே தவிர, ஒரு சுரங்கத்தைச் சொல்லவில்லை. பல மலைகளின் வெள்ளி ஒரே உருக்குக் கலத்தில் விழுந்த பிறகு, இது இன்ன குழியில் தோண்டியது என்று 300 ஆண்டு கழித்துச் சான்றிதழ் எழுதுகிறவர், உங்கள் 90 பவுண்டைப் பார்த்து எழுதுகிறார்.

சுத்தம் பற்றிய பேச்சும் அப்படியே. லண்டன் நாணயச்சாலைக்கு வெள்ளி எங்கிருந்து வந்தாலும் நாணயத்தின் மாற்று ஒன்றுதான்: ஆயிரத்துக்கு 925. அப்போது நாணயச்சாலையின் தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன். அடித்த நாணயங்களிலிருந்து மாதிரி எடுத்துப் பெட்டியில் பூட்டிவைத்துப் பிறகு வெளியார் முன்னிலையில் சோதிக்கும் வழக்கம் அதற்கும் பல நூற்றாண்டு பழையது. 1697 முதல் 1720 வரை வெள்ளிப் பாத்திரங்களுக்கு மட்டும் 958 என்ற உயர்ந்த மாற்றுக் கட்டாயமாக இருந்தது. நாணயங்களை உருக்கித் தட்டும் கரண்டியும் செய்துவிடுகிறார்கள் என்பதால், அதைத் தடுக்கவே பாத்திரத்தின் மாற்றை நாணயத்தைவிட உயர்த்தினார்கள். பாத்திரத்துக்கான அந்த 958ஐ நாணயத்தின் தலையில் ஏற்றி விற்பது தரகர்களின் பழைய தந்திரம். இந்தியாவில் கேரட் மீட்டர் என்கிறோமே, அந்தக் கருவியில் வைத்து 940 காட்டுகிறது பார் என்றும் சொல்வார்கள். அது மேல்தோலை மட்டும் படிக்கிறது. பழைய நாணயத்தின் மேற்பரப்பிலிருந்து செம்பு அரித்துப் போய் வெள்ளி மிகுந்து காட்டுவது சாதாரணம்.

இந்தச் சின்னத்தை ஏன் பொறித்தார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் தரகர்களுக்குப் பிழைப்பு இருக்கிறது. 1568இல் வந்த ஒரு தீர்ப்பின்படி பொன்னோ வெள்ளியோ கலந்த தாது அரசுக்கே உரியது. ஈயத்தில் நல்ல வெள்ளி இருக்கிறது என்று வாய் திறந்தால் சுரங்கமே கையைவிட்டுப் போகும் என்ற நிலையில் யார் வாய் திறப்பார்கள்? 1689, 1693 ஆண்டுகளின் சட்டங்கள் அந்தப் பயத்தை நீக்கின. தாதை டன்னுக்கு 9 பவுண்டு என்ற விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் அரசு வைத்துக்கொண்டது. அதன் பிறகு ஒரேயடியாக எதிர்த்திசையில் ஓடினார்கள். இல்லாத வெள்ளியையும் இருப்பதாகச் சொன்னார்கள். சர் ஹம்ப்ரி மேக்வொர்த் என்பவர் கார்டிகன்ஷயர் மலையின் எஸ்கேர் ஹிர் சுரங்கத்தின் பங்குகளை 1698இல் வாங்கி, வேல்சின் வெள்ளி வளத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசவைத்து, லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார். கம்பெனி நொடித்தது, 1710இல் நாடாளுமன்றத்தின் கீழவை அவர் மோசடி செய்தார் என்றே தீர்மானம் போட்டது. ஆனி அரசி காலத்து நாணயங்களில் தனியாக நிற்கும் இறகுக்கு அவருடைய சுரங்கங்களே காரணம் என்று சொல்வது வழக்கம். ஆகவே சின்னத்தைக் காட்டித் தரத்தைப் பேசுகிறவரைச் சந்தேகப்படுவதற்கு நமக்கு 300 ஆண்டு அனுபவம் இருக்கிறது.

அந்தக் காலத்து நாணயச்சாலையின் நடைமுறையும் பைத்தியக்காரத்தனமானது. சட்டப்படி அது ஓர் அவுன்ஸ் வெள்ளிக்கு 62 பென்ஸ் மட்டுமே தந்தது. ஏற்றுமதிக்கு உகந்த வெள்ளி அதைவிட அவுன்சுக்கு 2, 3 பென்ஸ் கூடுதலாக விலைபோகிறது என்று நியூட்டனே 1717இல் அறிக்கை எழுதினார். வெள்ளியெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறிச் சென்னைப்பட்டினத்துக்கும் வங்காளத்துக்கும் போய்க்கொண்டிருக்க, லண்டனில் அச்சு அடிக்க வெள்ளி இல்லை. நோய் எது என்று தெரிந்தும் விலையைத் திருத்த நூறு ஆண்டுகள் யாருக்கும் மனம் வரவில்லை. அந்த வறட்சியில் உள்நாட்டு ஈயக் கம்பெனிகள் கொண்டுவந்த கொஞ்ச வெள்ளிக்கு மரியாதை செய்யும் விதமாகச் சின்னம் பொறித்தார்கள்.

ரோஜா, இறகு வாய்பாட்டுக்கு ஒரு விலக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 1723 முதல் 1726 வரையிலான சில ஷில்லிங்குகளில் மன்னரின் தலைக்குக் கீழே டபிள்யூ.சி.சி. என்ற மூன்று எழுத்துகளும், பின்பக்கத்தில் இறகும், ஒன்றோடொன்று பின்னிய இரண்டு சி எழுத்துகளும் இருக்கும். அவை வேல்ஸ் செம்புக் கம்பெனியைக் குறிக்கின்றன. பெயரில் செம்பு இருக்கிறது என்பதால் நாணயத்தில் செம்பு அதிகம் என்று சொல்லி விலையைக் குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது முழுப்பொய், மாற்று அதே 925தான். மாறாக, இவை கிடைப்பது அரிது என்பதால் விலை மிகவும் கூடும். 1723ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.சி. என்ற எழுத்துகளோடு தென்கடல் கம்பெனியின் வெள்ளியில் அடித்த ஷில்லிங்குகளும் உண்டு, அவை ஏராளம். தேய்ந்த நாணயத்தில் எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடியாதபோது, மலிவானதை அரிதானது என்று தள்ளிவிடுவார்கள். உங்களுடையது 1721 என்பதால் இந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒன்று வாங்கியவர் இரண்டாவதும் வாங்குவார் என்பது என் அனுபவம்.

சான்றிதழ்கள் மீது எனக்குள்ள கோபம் சொந்தக் கோபமும்தான். ஒரு நிறுவனத்துக்கு இதே வகை நாணயம் ஒன்றை அனுப்பிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பி வந்த சீட்டில் ரோஜாவைக் காணோம். இறகு மட்டும் என்று எழுதியிருந்தது. திருத்தித் தர மறுபடியும் கட்டணம் கேட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. நகைத் தராசில் நாணயத்தை நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் 6.02 கிராமிலிருந்து கொஞ்சம் குறைந்திருக்கலாம். 5 கிராமுக்குக் கீழே போனாலோ, 6.2க்கு மேலே ஏறினாலோ சந்தேகப்படுங்கள். விளிம்பில் சாய்ந்த கோடுகள் சுற்றிலும் ஓட வேண்டும். வார்ப்பின் இணைப்புக் கோடு தெரிந்தால் அது போலி. ஈயம் உண்மையிலேயே இருக்கக்கூடிய இடம் அப்படிப்பட்ட போலிகள்தான், சுரங்கம் அல்ல. வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல விபூதியோ புளியோ பல்பொடியோ போட்டு நாணயத்தைத் தேய்த்துவிடாதீர்கள். 300 ஆண்டுக் கருமை ஒரு நிமிடத்தில் போகும், பாதி விலையும் அதோடு போகும்.

பேத்திக்குப் போடுவதைப் பற்றி. நாணயத்தில் துளையிட்டாலும் வளையத்தைப் பற்றவைத்தாலும் சேர்ப்பவர்களிடம் அதன் மதிப்புப் போய்விடும். அதைவிட முக்கியமானது பற்றாசு. மலிவாக வேலை செய்கிற கடைகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு இன்னும் புழங்குகிறது. நாணயத்தில் சுவடாக மட்டும் இருக்கும் ஈயத்துக்குப் பயந்த நகைக்கடைக்காரரே, வளையத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. பற்றவைக்காமல் நாணயத்தின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் 925 வெள்ளிச் சட்டங்கள் திருகோடு விற்கின்றன; ஷில்லிங்கின் விட்டம் சுமார் 26 மில்லிமீட்டர் என்றாலும், உங்கள் நாணயத்தை அளந்தபின் வாங்குங்கள். எதையும் வாயில் வைக்கும் ஒரு வயதில் அதையும் கழுத்தில் போடாமல், புகைப்படம் எடுத்துக்கொண்டு டப்பாவுக்குள் வைத்துவிடுவது உத்தமம். பிறந்தநாளுக்குக் கொலுசுதான் வேண்டுமென்றால் ஹால்மார்க் உள்ள புதிய வெள்ளியில் வாங்குங்கள். இந்த ஷில்லிங்கை உருக்கினால் கிடைப்பது ஒரு காலுக்குக்கூடப் போதாது.