மடியில் வைத்துக்கொண்டால் போதுமா? சின்னப் பிள்ளைகளோடு மணல்மேட்டுச் சவாரி

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு 5 வயது, சின்னவளுக்கு ஒன்றரை. அடுத்த மாதம் குடும்பத்தோடு போகும் பயணத்தில், வழிகாட்டியோடு வண்டியில் மணல்மேடுகளில் ஏறி இறங்கும் சவாரியும் இருக்கிறது. எந்த வயதுக் குழந்தையும் வரலாம், சின்னவளை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பிக் கூட்டிப்போகலாமா?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சின்னவளை இந்தச் சவாரிக்குக் கூட்டிப்போகாதீர்கள். பெரியவனைக் கூட்டிப்போகலாம். ஆனால் மூடிய வண்டியும், அவன் உயரத்துக்குப் பொருந்தும் இருக்கையும், மெதுவாக ஓட்டச் சம்மதிக்கும் ஓட்டுநரும் அமைந்தால்தான். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவனும் கீழேயே விளையாடட்டும்.

பல வருடங்கள் மணல்மேடுகளில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவன் நான். இப்போது புதிதாக வரும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். "மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்ப காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் நான்கு வயதுக் குழந்தை ஒன்று அம்மா மடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டியதும் வண்டியின் முன்பக்கம் சட்டென்று இறங்கியது. தினமும் நான் பத்து முறை இறங்கும் இறக்கம்தான் அது. குழந்தை எம்பி, அதன் தலை அம்மாவின் தாடையில் இடித்தது. அவருக்கு உதடு கிழிந்துவிட்டது, குழந்தைக்கு நெற்றி புடைத்துவிட்டது. அந்த அம்மா அசட்டையாக இருக்கவில்லை, இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தார். அன்றோடு நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

இறுக்கிப் பிடித்தும் ஏன் நிற்கவில்லை? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். குழந்தை 10 கிலோ, வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். முன்பக்கம் மணலில் குத்தி, பத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 85 கிலோ எடையைத் தாங்கும் பலம் கையில் வேண்டும். அதே நேரத்தில் உங்கள் உடம்பும் முன்னால் பாய்கிறது. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். பெல்ட்டுக்கும் உங்கள் எடைக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

"மெதுவாகப் போகச் சொன்னால் சரியாகிவிடாதா" என்று கேட்பீர்கள். ஓரளவுதான் ஆகும். காற்று வீசும் பக்கம் மணல்மேடு பெரும்பாலும் 10 முதல் 15 பாகைச் சரிவில் மெல்ல ஏறும். மறுபக்கம் 30 முதல் 34 பாகை வரை செங்குத்தாக விழும். உலர்ந்த மணல் அதற்குமேல் நிற்காது, சரிந்துவிடும். சவாரி என்பது பெரும்பாலும் இந்த மெல்லிய பக்கம் ஏறி, செங்குத்தான பக்கம் இறங்குவதுதான். ஏறுவதற்கு ஓரளவு வேகம் வேண்டும். குறைத்தால் நடுச்சரிவில் வண்டி புதைந்துவிடும். உச்சியை நெருங்கும்போது ஓட்டுநர் கண்ணுக்கு வானம்தான் தெரியும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனவே எத்தனை நல்ல ஓட்டுநரானாலும் சில குலுக்கல்களைத் தவிர்க்க முடியாது. உயரம் குறைந்த மேடுகளாகப் பார்த்து, பெரியதைச் சுற்றிப் போய், இறங்கும்போது பக்கவாட்டில் போகாமல் நேராக இறங்க அவரால் முடியும். குழந்தை இருக்கும் வண்டிக்கு அவரிடம் கேட்க வேண்டியது இந்தப் பாதையைத்தான்.

இனி சின்னவளைப் பற்றி. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். ஒன்றரை வயதிலும் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிதாகவே இருக்கும், கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இன்னும் பலப்பட்டிருக்காது. ஒரே ஒரு பெரிய இடியை மட்டும் நினைத்துப் பயப்படாதீர்கள். அரை மணி நேரம் முன்னும் பின்னும் தலை ஆடிக்கொண்டே இருப்பதும் அந்தக் கழுத்துக்கு ஆகாது. ஹெல்மெட் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கழுத்தின்மேல் அது கூடுதல் பாரம். அதோடு, எங்கே வலிக்கிறது, எப்போது போதும் என்று அவளால் சொல்லவும் முடியாது. கார்களுக்கான குழந்தை இருக்கையை மாட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னாலும் என் பதில் மாறாது. அந்த இருக்கை சாலைப் பயணத்துக்குச் செய்தது, உடம்பைப் பிடித்து வைக்கும். தலை ஆடுவதை அது நிறுத்தாது.

பெரியவனுக்கு வருவோம். எந்த வகை வண்டி என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதித் தீர்மானம் அதிலேயே வந்துவிடும்.

குவாட் பைக் (பைக் போலக் கால் போட்டு உட்காரும் திறந்த நான்கு சக்கர வண்டி) என்றால் பேச்சே வேண்டாம், யார் பின்னால் உட்கார்ந்தாலும் சரி. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதில் ஏறவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. இரும்புக் கம்பிக் கூண்டு வைத்த திறந்த டூன் பக்கியும் 5 வயதுக்கு வேண்டாம் என்பேன். அதன் பெல்ட்டுகள் பெரியவர் தோளுக்கு அமைந்தவை. வண்டி கவிழ்ந்தால் பிள்ளைகள் பயத்தில் கையை வெளியே நீட்டிவிடுவார்கள், அந்தக் கம்பியே கையை நசுக்கிவிடும். மிச்சம் இருப்பது நான்கு சக்கர இழுவை உள்ள, கதவும் கூரையும் கொண்ட பெரிய வண்டிதான். அதில் உள்ளே ரோல் கேஜ் (கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம்) இருக்கிறதா, அவன் உட்காரும் இடத்தில் இடுப்புக்கும் தோளுக்குமான மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பெல்ட் பொருந்துகிறதா என்று வயதை வைத்துப் பார்க்காதீர்கள், உட்கார வைத்துப் பாருங்கள். முதுகு இருக்கையில் ஒட்டி இருக்கும்போது முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும். கீழ் பெல்ட் வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், மேல் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வந்தபிறகுதான் அமையும். உங்கள் பையனுக்கு இப்போது அமையாது. எனவே பெல்ட் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும், முதுகுச் சாய்மானம் உள்ள பூஸ்டர் இருக்கையோ, அவன் எடைக்கு ஏற்ற குழந்தை இருக்கையோ கட்டாயம் வேண்டும். ஏற்பாட்டாளரிடம் இருக்கிறது என்றால் அதன் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கும்பல் காத்திருக்கும்போது நிதானமாக யோசிக்க யாருக்கும் வராது.

எங்கே உட்காருவது? நடு வரிசையில். முன் இருக்கையில் ஏர்பேக் இருக்கும், குழந்தைக்கு அது ஆபத்து. கடைசி வரிசை பின் சக்கரத்துக்கு மேலேயோ பின்னாலேயோ வருவதால் அங்கேதான் தூக்கிப்போடுவது அதிகம்.

நேரமும் முக்கியம். நடுப்பகலில் சூரியன் தலைக்குமேல் இருக்கும்போது மணலில் நிழல் விழாது. மேடு எது பள்ளம் எது என்று பழகிய கண்ணுக்கே பிடிபடாது. காலையிலும் சாயங்காலத்திலும் நிழல்கள் நீண்டு கிடப்பதால் சரிவுகள் துலக்கமாகத் தெரியும், வெயிலும் குறைவு. அந்தி சாய்ந்து இருட்டும் நேரத்துச் சவாரி மட்டும் வேண்டாம்.

வாந்தியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 2 வயதுக்குமேல் 12 வயதுவரைதான் பயணக் குமட்டல் அதிகம், ஆக உங்கள் பையன் அந்த வயதில்தான் இருக்கிறான். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்டும் ஏறக்கூடாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிட்டால் போதும். வண்டியில் போனைக் கொடுக்காதீர்கள், தூரத்தில் தெரியும் மேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். குமட்டல் மருந்து வேண்டும் என்று தோன்றினால் கிளம்பும் முன்னரே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது தவறு.

வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். கண்ணில் மணல் விழுந்தால் கசக்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கழுவிய பிறகும் உறுத்தினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

புறப்படும் முன் ஓட்டுநரிடம் பையனை அறிமுகப்படுத்துங்கள். இது உபசாரத்துக்குச் சொல்வதில்லை. பின்னால் ஒரு சின்னப் பையன் இருக்கிறான், அவன் பேர் இது என்று தெரிந்துவிட்டால் ஓட்டுகிற கை தானாகவே நிதானப்படும், இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படியே ஒரு ஒப்பந்தமும் செய்துகொள்ளுங்கள்: முதலில் ஒரு சின்ன மேடு, அங்கே வண்டியை நிறுத்தி அவனிடம் கேட்பது, அவன் சரி என்றால் மட்டும் அடுத்தது. இதற்கு முகம் சுளிக்கும் ஓட்டுநர் என்றால் ஏறாதீர்கள், கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை. அவர் டயரின் காற்றைக் குறைப்பதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம். சாலையில் 30, 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்கும் காற்றை மணலுக்காக 15 வாக்கில் இறக்குவார்கள். டயர் பரந்து மணலில் புதையாமல் போகும், குலுக்கலும் கொஞ்சம் குறையும். இதைச் செய்யாமலே மேட்டில் ஏறப் பார்ப்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நீங்களும் உங்கள் கணவரும் முறை வைத்துப் போய்வாருங்கள், ஒருவர் சின்னவளோடு கீழே நிழலில் இருக்கலாம். வெயில் ஏறினால் மணலின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும், வெறுங்காலோடு விடாதீர்கள். வண்டிகள் வந்துபோகும் தடத்தில் இருந்தும் மேட்டின் அடிவாரத்தில் இருந்தும் தள்ளியே உட்காருங்கள். உச்சி தாண்டி வருபவருக்கு அந்தப் பக்கம் விளையாடும் குழந்தை தெரியாது. குழி தோண்டி விளையாடினால் அவள் முழங்கால் ஆழத்துக்குமேல் போகக்கூடாது, சுரங்கம் குடைவது அறவே வேண்டாம். உலர்ந்த மணல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சரிந்து மூடிவிடும்.

சவாரி முடிந்ததும் பெரியவனைக் கவனியுங்கள். தலையில் இடிபட்டிருந்து, அப்புறம் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, கழுத்து வலிக்கிறது என்றாலோ காலைவரை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.