அம்மாவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம்

வணக்கம். அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு வரும் தொகையில், வருமான வரி கணக்கிடும்போது, 75,000 ரூபாய் நிலையான கழிவு (வரி போடும் முன் குறைத்துக்கொள்ளும் தொகை) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க முடியாது. அப்பா வாங்கியது ஓய்வூதியம். வருமான வரியில் அது சம்பளக் கணக்கில் சேரும், அதனால்தான் அந்தக் கழிவு. அம்மா வாங்குவது குடும்ப ஓய்வூதியம். அந்த வேலையைப் பார்த்தவர் அவர் அல்லர் என்பதால் சட்டம் இதைப் பிற வருமானமாகவே கொள்கிறது. இதற்கான கழிவு வேறு: தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. பழைய வரிமுறையில் 15,000தான் உச்சவரம்பு. படிவத்தில் பிற வருமானப் பகுதியில் ‘குடும்ப ஓய்வூதியம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணவரை இழந்தவருக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அம்மாவும் பணி ஓய்வு பெற்றவரா? அப்படியென்றால் அவருடைய சொந்த ஓய்வூதியத்துக்குப் புதிய முறையில் 75,000 கழிவு தனியே உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.