துளை சிறிதானது, வார்டும் மாறியது

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பாவுக்கு நுரையீரலின் ஒரு மடலை அகற்றினார்கள். நீண்ட தழும்போடு இரண்டு வாரம் கழித்தே வீடு திரும்பினார். இப்போது என் அம்மாவுக்கு அதே சிகிச்சையை நுண்துளை முறையில் செய்து நான்கைந்து நாளில் அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். வெட்டு சிறியது என்பதால் மட்டுமே இது முடிகிறதா? அவசரமாக அனுப்புகிறார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

– வாசகி ஒருவர்

பதில்: வெட்டு மட்டுமே காரணம் அன்று. திறந்த அறுவையில் தழும்பின் நீளத்தைவிட அதிகமாக வலிப்பது, விலா எலும்புகளை விரித்துப் பிடிப்பதால் அவற்றினிடையே ஓடும் நரம்புகள் நசுங்குவதுதான். சிறு துளைகள் வழியே கேமராவை உள்ளே செலுத்திச் செய்யும் நுண்துளை முறையில் விலாக்களை விரிப்பதில்லை. வலி குறைந்தால் நோயாளி ஆழமாக மூச்சிழுத்து இருமிச் சளியை வெளியேற்ற முடியும். நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும்.

ஆனால் பிரிட்டனில் தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 503 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான வயலெட் ஆய்வில், மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை அளவு நுண்துளைக்கு 4, திறந்த முறைக்கு 5. வேறுபாடு ஒரே நாள்தான். ஐந்து வாரங்களுக்குப் பின் உடல் இயக்கத்தில் நுண்துளை முறையே மேலாக இருந்தது. அப்படியானால் உங்கள் பெரியப்பாவின் இரண்டு வாரத்தில் பெரும்பகுதியைக் குறைத்தது எது? வார்டின் பழக்கங்கள் மாறியதுதான் என்பது என் கருத்து. நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி, கூடிய விரைவில் எழுந்து நடக்கவைக்கும் பிசியோதெரபி, மார்பில் தேங்கும் காற்றையும் நீரையும் வெளியேற்றும் வடிகுழாயைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திராமை ஆகியவை இப்போது திறந்த அறுவைக்கும் பொருந்தும்.

மருத்துவமனையின் பொறுப்பும் கூடியிருக்கிறது. ஒரு நுரையீரலைச் சுருங்கவிட்டு மற்றொன்றால் மட்டும் சுவாசிக்கவைக்கத் தேர்ந்த மயக்கவியல் மருத்துவர் தேவை. திசுவை வெட்டி மூடும் ஸ்டேப்ளர் போன்ற, ஒருமுறை மட்டுமே பயன்படும் கருவிகளின் செலவு உண்டு. இரத்தக்குழாய் கிழிந்தால் உடனே மார்பைத் திறக்கும் ஆயத்தமும் வேண்டும். அப்படித் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். உயிரைக் காக்க எடுக்கும் முடிவு அது.

வீடு திரும்பும் நாளை நாட்காட்டியைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவு நின்றுவிட்டதா, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்கிறதா, மாத்திரையிலேயே வலி அடங்குகிறதா, மூச்சுத்திணறலோ காய்ச்சலோ வந்தால் இரவில் யாரை அழைப்பது என்ற நான்கையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கசிவு நிற்காவிட்டால், துளை எத்தனை சிறியதாயினும், அம்மா மேலும் சில நாள் அங்கேயே இருக்க வேண்டிவரலாம்.