கால் நிலத்தில் முட்டவேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தாதீர்கள்

கேள்வி: கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். வயது 44. பழைய சைக்கிள், வாங்கி மூன்று மாதம். ஒரு மாதமாக முழங்காலின் முன்பக்கம் நோகிறது. படியிறங்கும்போது கூடத் தெரிகிறது. கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன. சிக்னலில் நிற்க வசதியாக, இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படிதான் சீற்றை வைத்திருக்கிறேன். மெத்தென்ற உறை போட்டும் பலனில்லை. வேறு சைக்கிள் வாங்கவேண்டுமா?

பதில்: வேண்டாம். முழங்கால் நோவுக்குப் பெரும்பாலும் காரணம் நீங்களே எழுதியிருக்கும் அந்தச் சீற் உயரம்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பில் பலர் சைக்கிளுக்கு மாறியபோதும் இதே தவறைத்தான் நிறையப் பார்த்தேன். பஸ்களுக்கு நடுவே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சீற்றை அடியோடு இறக்கிவிடுவார்கள். பயம் நியாயமானது. ஆனால் அதன் விலையை முழங்கால் கொடுக்கிறது.

பெடல் ஆகக் கீழே வரும்போதும் நிலத்திலிருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மேலேதான் நிற்கும். உட்கார்ந்தபடியே பாதம் நிலத்தில் பதிகிறதென்றால், மிதிக்கும்போது உங்கள் கால் ஒருபோதும் நீளாது. மடங்கிய காலால் அழுத்த அழுத்த, முழங்கால் சிரட்டை தொடை எலும்போடு நெரிபடும். ஒவ்வொரு சுற்றிலும் இதுதான் நடக்கிறது.

சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி, வேலைக்குப் போடும் சப்பாத்தோடு ஏறுங்கள். வீட்டில் யாரையாவது பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். அதற்காக இடுப்புச் சரியக்கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கி நிற்கும், சுமார் 25 முதல் 35 பாகை. அதுதான் உங்கள் உயரம். கணக்காகப் பார்க்க விரும்பினால் கவட்டிலிருந்து நிலம்வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 76 சென்ரிமீற்றர் என்றால் 67 வரும். இரண்டு பெடல் கைகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீற்றின் மேல்தட்டு வரையான தூரம் அது. எனக்குக் குதிக்கால் முறையே போதும்.

ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சென்ரிமீற்றர் போதும். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் கூடிவிட்டது என்று பொருள், கொஞ்சம் இறக்குங்கள். சீற்றைத் தாங்கும் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியவே கூடாது, தண்டு முறிந்துவிடும். கடலோர மரைன் டிரைவ் வீதியின் உப்புக்காற்றில் ஓடும் சைக்கிளில் தண்டு துருவேறி இறுகிப்போயிருக்கும். எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துக் கழற்றி, துடைத்து, கிரீஸ் பூசிப் போடுங்கள்.

சிக்னலில் என்ன செய்வது? பிறேக் பிடித்து வேகம் குறையும்போதே சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி, இடதுகாலை ஊன்றி, வலதுகாலைப் பெடலிலேயே வைத்திருங்கள். சீற்றில் இருந்தபடி நிற்பதை மறந்துவிடுங்கள். ஞாயிறு காலை வாகனம் குறைந்த நேரத்தில் இருபது தடவை பழகினால் கை வந்துவிடும்.

விரல் விறைப்பு வேறு கதை. அந்த இரண்டு விரல்களுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில், தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. உடற்பாரம் கையில் விழுந்தால் அது நசுங்கும். சீற்றின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னுக்கு வழுக்க வழுக்க, கைதான் தாங்கும். சீற்றின்மேல் நீளமான புத்தகம் ஒன்றை வைத்து மட்டமாக்குங்கள். அந்த உறையைக் கழற்றிவிடுங்கள். நீண்ட ஓட்டத்தில் அது எலும்புக்கு ஆதாரம் தராமல் அமிழ்ந்து, நடுவில்தான் அழுத்தும்.

சீற்றை உயர்த்தினால் ஹாண்டில் உங்களுக்குத் தாழ்ந்துவிடும், அதனால் அதையும் ஏற்றவேண்டியிருக்கும். பழைய சைக்கிளில் ஹாண்டில் தண்டின் உச்சி போல்ட்டை மூன்று சுற்றுத் தளர்த்தி, மேலே மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் ஆப்பு விடும். இங்கும் எல்லைக்கோடு உண்டு. சீற் மட்டத்துக்கோ சற்று மேலாகவோ வைத்து இறுக்கி, முன்சில்லைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. பிறேக் கம்பி இழுபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டே வீதிக்கு இறங்குங்கள். ஓடும்போது மணிக்கட்டை வளைக்காமல், முழங்கையை இலேசாக மடக்கி வையுங்கள்.

சைக்கிள் ஓடாத நாளிலும் விறைப்பு இருந்தாலோ முழங்கால் வீங்கினாலோ, ஓடுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றப்படி முதல் இரண்டு கிழமைக்குச் சீற்றை இறுக்கும் ஸ்பனரைப் பையிலேயே வைத்திருங்கள். தண்டில் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொண்டால், நழுவி இறங்கினாலும் உடனே தெரியும்.