வாசகர் கேள்வி: கழிப்பறையில் போட்ட மாத்திரை எங்கே போகும்?

கேள்வி: டாக்டர் மருந்தை மாற்றியதில் என் மாமியாரின் பழைய மாத்திரைகள் ஒரு பை நிறைய மிச்சம். கழிப்பறையில் கொட்டிவிடு என்கிறார் அவர். "இங்கேதான் எல்லாத் தண்ணீரையும் சுத்தம் செய்கிறார்களே, மீனுக்கு என்ன வந்துவிடும்?" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்? – ஈசூன் வாசகி

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. சிங்கப்பூரில் கழிப்பறைத் தண்ணீர் சுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போகிறது. ஆனால் அங்கே பாதி வேலை நுண்ணுயிர்களுடையது. மலம், எண்ணெய், சோற்றுக் கஞ்சி என்று எதைக் கொடுத்தாலும் தின்றுவிடுகிற அவை, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமஸெபைன் போன்ற மருந்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. புதுநீராக, அதாவது மறுபடி பயன்படுத்தச் சுத்திகரித்த தண்ணீராக, மாறும் பங்கு மெல்லிய சவ்வைத் தாண்டி வருவதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சவ்வு மருந்தை அழிப்பதில்லை, ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஒதுக்கியதும், புதுநீராகாத மீதியும் கடலுக்குப் போகின்றன.

இத்தனை பெரிய கடலில் அது என்ன செய்துவிடும் என்று மாமியார் அடுத்து கேட்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கனடாவில் 2001 முதல் மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையைப் படிக்கும் வரை. ஒன்டாரியோவில் ஒரு சிறிய ஏரியில் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கும்படி கலந்தார்கள். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் அந்த அளவுக்குக் கலக்க 15 மில்லிகிராம்கூடத் தேவையில்லை. ஒரு பாராசிட்டமால் மாத்திரையில் மருந்தே 500 மில்லிகிராம். அந்தத் துளிக்கே ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் சுரக்க ஆரம்பித்தது, குஞ்சு பொரிப்பது குறைந்து சின்ன மீன் இனம் ஒன்று ஏரியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது. (கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீன்கள் திரும்பின, அதையும் சொல்ல வேண்டும்.) கடலில் எதுவும் இன்னும் நீர்த்துப் போகும்தான். ஆனாலும் ஹார்மோன் விஷயத்தில் 'கொஞ்சம்தானே' என்ற கணக்கு உதவாது.

இன்னொன்று. மாத்திரையைக் கொட்டாவிட்டாலும் ஒரு பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் உடலில் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. அதற்காக யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்! தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். மீந்த மாத்திரைகளைப் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி குப்பையில் போடுங்கள். நம் வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டு சாம்பலாகத்தான் குப்பைக் கிடங்கான செமாக்காவ் தீவுக்குப் போகிறது.

கேள்வி: அப்படியானால் பிளாக் கீழே ஓடும் கால்வாயும் ஆலைக்குத்தானே போகிறது? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: இல்லவே இல்லை, பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். மழைக்கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை கால்வாய் வழியாக 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. நாம் குடிக்கும் முன் அது சுத்தமாகிவிடும், நீர்த்தேக்கத்து மீனுக்கு அந்த வசதி இல்லை. சாலையில் தேய்ந்து விழும் டயர்த் தூளும் மழையோடு கால்வாயில்தான் இறங்குகிறது. அமெரிக்காவில் சியாட்டல் பக்கம் மழை பெய்தாலே கோஹோ என்ற சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. டயரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து மாறி நஞ்சாவதே காரணம் என்று 2020இல்தான் கண்டுபிடித்தார்கள். அதே ஓடையில் சம் (chum) என்ற இன்னொரு சால்மன் இனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் மீன்கள் எந்தப் பக்கம் என்று தூளைக் கொட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டயர்த் தூளை நீங்கள் தடுக்க முடியாது, சரி. பெயிண்ட் பிரஷ் கழுவிய தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாமல் இருக்கலாமே.